ஒலிம்பிக் டெஸ்ட்ராயர் என்றால் என்ன?

2018 பிப்ரவரி 9 அன்று தென்கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கியபோது, கணினிகளை முடக்கிய வைரஸ் போன்ற நிரல்தான் இது. அரங்கத்தில் வைஃபை போனது. இணையதளமும் படுத்துவிட்டதால் டிக்கெட்டை அச்செடுக்க முடியாமல் பலர் தவித்தார்கள், பாவம். சரிசெய்ய சுமார் 12 மணி நேரம் ஆனது.

சரி, ஏன் அந்த நேரம்? கல்யாண வீட்டில் முகூர்த்த நேரத்தில் கரண்ட் போவதை நினைத்துப் பாருங்கள். நாளைத் தள்ளிவைக்க முடியாது, ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். அவமானப்படுத்த அதைவிட நல்ல தருணம் கிடைக்காது. திருடுவதற்கு அல்ல, கணினிகளில் இருப்பதை அழிப்பதற்கே அந்த நிரல் எழுதப்பட்டது.

நிரலில் இருந்த தடயங்களைப் பார்த்து வடகொரியாதான் செய்தது என்று பலர் நம்பினார்கள். ஆனால் அந்தத் தடயங்கள் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை, 2020 அக்டோபரில் அமெரிக்கா குற்றம் சாட்டியது ரஷ்ய ராணுவ உளவுத்துறையினர் 6 பேர் மீது.