நகல் கேளுங்கள்

ஐயாவுக்கு வணக்கம்.

எனக்கு 31 வயது. சொந்த ஊர் தாராபுரம் பக்கம் ஒரு கிராமம், வேலை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில். ஆறு மாதமாக நான் செய்தி பார்ப்பதே இல்லை. பேப்பர் இல்லை, டிவி இல்லை, போனில் வருவதையும் நிறுத்திவிட்டேன். காரணம் என் அப்பா. ரிட்டயர் ஆனதிலிருந்து சாயங்காலம் ஏழு மணிக்கு விவாத நிகழ்ச்சி முன்னால் உட்கார்ந்தால் பத்து மணி வரை அவரும் சேர்ந்து கத்துகிறார். போன தீபாவளிக்கு வந்த மாமா, டெல்லியில் யாரோ பேசிய பேச்சுக்காக அப்பாவோடு வாக்குவாதம் முற்றி, இலையில் போட்டதைச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. எல்லாக் கட்சியும் ஒன்றுதான், எந்தச் செய்தியையும் நம்ப முடியவில்லை, தெரிந்து நான் என்ன செய்யப்போகிறேன் என்று தோன்றிவிட்டது. இப்போது நிம்மதியாக இருக்கிறேன், ஆனாலும் உறுத்துகிறது. ஒரு குடிமகன் செய்தி பார்க்காமல் இருப்பது தவறா? பார்ப்பதென்றால் எந்தப் பத்திரிகையை நம்பலாம்? நீங்கள் எந்தக் கட்சிக்காரர் என்று வாசகர்கள் நடுவே ஒரு சந்தேகம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட்டால் நல்லது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில். நான் யார் ஆள் என்பதை எல்லாக் கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு விதமாக முடிவு செய்து வைத்திருக்கிறார்கள், அதில் நான் தலையிடுவதில்லை. பத்திரிகை என்றால், ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டை வாங்குங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி வருவது தங்கம் விலை மட்டும்தான் என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மாமாவிடம் நீங்களே போய்ப் பேசிவிடுங்கள். அன்றைக்கு டெல்லியில் பேசியவர் வயிறாரச் சாப்பிட்டிருப்பார்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் "தெரிந்து நான் என்ன செய்யப்போகிறேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அது வந்து விழுந்த நேரம் அப்படி.

போன மாதம் எங்கள் ஊர் வாத்தியார் ஒருவர் காலமானார். தொடக்கப் பள்ளியில் எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர். காரியம் முடிந்த மறுநாள் அவர் மகன் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து, "அப்பா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாருண்ணே" என்று வைத்துவிட்டுப் போனான். பை நிறைய தகவல் உரிமை மனுக்கள், அவற்றின் பதில்கள், தபால் ஒப்புகை அட்டைகள். 2006 தொடங்கி பதினெட்டு வருஷத்துக் காகிதம், துணி உலர்த்தும் கிளிப் போட்டு வருஷவாரியாக. நான் அதை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

அவருடைய முதல் மனு அதில் இருக்கிறது. எங்கள் தெருவுக்குப் போட்ட தார் ரோடு ஒரே மழையில் ஏன் பெயர்ந்தது என்று கேட்டிருக்கிறார். மூன்று பக்கம். நடுவில் திருக்குறள் வேறு. வந்த பதில் ஒன்றரை வரி: விளக்கம் கோருவது தகவல் என்ற வரையறைக்குள் வராது. எனக்கு அன்று கோபம் வந்தது. அவர் சிரித்தார். "சரியாத்தான் சொல்லியிருக்கான்ப்பா, நான்தான் கேக்கத் தெரியாம கேட்டுட்டேன்" என்றார். தகவல் உரிமைச் சட்டத்தின்படி அலுவலகத்தில் காகிதமாக இருப்பதைத்தான் அவர்கள் தரவேண்டும். ஏன் செய்தாய், எதற்குச் செய்தாய் என்பதற்கு உட்கார்ந்து பதில் எழுத வேண்டியதில்லை. அன்றைக்கு அவர் கண்டுபிடித்ததை எனக்கும் சொன்னார். ஏன் என்று கேட்காதே, நகல் கொடு என்று கேள்.

அடுத்த மனு நாலே வரி. இந்த ரோட்டுக்குப் போட்ட எஸ்டிமேட்டின் நகல், வேலை உத்தரவின் நகல், எம்-புக்கில் இந்த வேலை பதிவான பக்கங்களின் நகல், கடைசி பில்லின் நகல். மேலே பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப். (எம்-புக் தெரியுமோ இல்லையோ. போட்ட வேலையை இன்ஜினியர் அளந்து எழுதும் அளவைப் புத்தகம் அது. அதில் ஏறியதற்குத்தான் பணம்.) முப்பது நாளில் பதில் வரவேண்டும், வரவில்லை. முதல் மேல்முறையீடு போட்டார். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டச் சொன்னார்கள், கட்டினார், பதினோரு பக்கம் வந்தது. அகலம் 3.75 மீட்டர் என்று இருந்தது.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு கொத்தனாரிடம் டேப் வாங்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். மறுமுனையைப் பிடித்தது நான். பத்து இடத்தில் அளந்தோம். ஒரு இடத்தில்கூட மூன்று மீட்டரைத் தாண்டவில்லை.

இப்போது சொல்லப்போவதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. அந்தத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்க ஒரு புகார் மனு எழுதி, இரண்டாவது கையெழுத்துக்கு என்னிடம் வந்தார். ரோடு போட்ட கான்ட்ராக்டர்தான் என் தம்பியின் லாரி லோனுக்கு ஜாமீன் நின்றவர். "எனக்குத் திங்கக்கிழமை ஒரு வேலை இருக்கு சார்" என்றேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் "பரவாயில்லப்பா, டேப் பிடிச்சதே போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? 1975 நெருக்கடி நிலையில் பத்திரிகைத் தணிக்கை எப்படி நடந்தது, அதிகாரத்தின் முன் மண்டியிட்டவர்கள் யார் யார் என்று ஒரு சிற்றிதழுக்குப் பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். கட்டுரைக்கு நல்ல பெயர்.

அதனால் உங்களை நான் திட்டும்போது என்னையும் சேர்த்துத் திட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் திட்டத்தான் போகிறேன். செய்தி பார்ப்பதை நிறுத்தியதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. தாராளமாக நிறுத்துங்கள். ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவதைக் கேட்காமல் இருந்தால் காதுக்கு நல்லது. ஆனால் எல்லாக் கட்சியும் ஒன்று என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வதற்கு ஞானம் என்று பெயர் வைக்காதீர்கள். அப்பா டிவி முன்னால் கத்துகிறார், நீங்கள் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டு பேருமே ஒரு காகிதம் கேட்கவில்லை. ஆட்சியில் இருப்பவருக்கு உங்கள் இரண்டு பேராலும் ஒரு தொந்தரவும் கிடையாது.

எல்லாக் கட்சியும் ஒன்றா? பெரும்பாலான விஷயங்களில் இல்லை, அது சோம்பேறிகள் சொல்வது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் ஒன்றுதான், அது இந்த நகல் விஷயம். தகவல் உரிமைக்கு முதலில் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது, 1997இல். பெருமைதான், ஆனால் அதில் விதிவிலக்குகள் அவ்வளவு. 2005இல் மத்தியச் சட்டம் வந்தது. மூன்றே வருஷத்தில், 2008இல், ஊழலை விசாரிக்கும் லஞ்ச ஒழிப்புத் துறையையே அந்தச் சட்டத்திலிருந்து தமிழக அரசு விலக்கிவிட்டது. அப்போது திமுக ஆட்சி. 2013இல் ஆறு தேசியக் கட்சிகளும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று, தகவல் மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டைக் கேட்கும் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவு போட்டது. காங்கிரஸ், பாஜக, கம்யூனிஸ்டுகள் எல்லாரும் அதில் உண்டு. ஒருவரும் கணக்குக் கொடுக்கவில்லை, காங்கிரஸ் கூட்டணி அரசு கட்சிகளை விலக்கச் சட்டத் திருத்த மசோதாவே கொண்டுவந்தது. 2019இல் பாஜக அரசு தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் தானே முடிவு செய்யும்படி மாற்றிக்கொண்டது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது, பெயரைக் கேட்டால் உங்கள் போன் நம்பரைக் காப்பாற்ற வந்தது மாதிரி இருக்கும். அதன் கடைசிப் பக்கங்களில், 44ஆம் பிரிவில், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் மாற்றினார்கள். முன்பு தனிநபர் தகவல் என்றாலும் பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்றும், சட்டசபைக்கு மறுக்க முடியாததைச் சாதாரண ஆளுக்கும் மறுக்கக்கூடாது என்றும் அங்கே இருந்தது. இப்போது தனிநபர் தகவலா, கிடையாது, அவ்வளவுதான். பொதுநலனுக்காகக் கொடுக்க வேறொரு உட்பிரிவு இருக்கிறதே என்கிறது அரசு. இருக்கிறது, 8(2). அதைத் தானாக எடுத்துப் பிரயோகிக்கும் அதிகாரியை வாத்தியாரின் மஞ்சள் பையில் நான் இன்னும் பார்க்கவில்லை.

எம்-புக்கில் கையெழுத்துப் போட்ட இன்ஜினியரின் பெயர் தனிநபர் தகவல்தானே? நூறு நாள் வேலையில் சம்பளம் வாங்கியவர் பட்டியல்? ராஜஸ்தானில் அருணா ராய் முதலானவர்கள் இருந்த தொழிலாளர், விவசாயிகள் சங்கம் 1994இல் கிராமத்து மக்களைக் கூட்டி வைத்துக்கொண்டு வேலைப் பதிவேட்டைச் சத்தமாகப் படித்தது. படிக்கப் படிக்க, செத்துப்போனவன் பேரெல்லாம் கூலி வாங்கியிருக்கிறதே என்று கூட்டத்திலிருந்தே குரல் வந்தது. அங்கே தொடங்கியதுதான் 2005 சட்டம். அந்தப் பதிவேட்டில் இருந்தது முழுக்க முழுக்க தனிநபர் தகவல். பெயரை மறைத்துவிட்டுப் பட்டியல் கொடுத்திருந்தால் செத்தவன் எவன், இருப்பவன் எவன் என்று யாருக்குத் தெரியும்?

கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை கொடுக்க வைத்திருந்த தேர்தல் பத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018இலிருந்து அது நல்லதா கெட்டதா என்று உங்கள் அப்பாவின் டிவியில் எத்தனை ராத்திரி கத்தியிருப்பார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பத்திரத்தை விற்ற ஸ்டேட் பேங்க் விவரம் கொடுக்க ஜூன் 30 வரை நேரம் கேட்டது. ஜூன் 30 என்றால் தேர்தலெல்லாம் முடிந்திருக்கும். மறுநாளே கொடு என்றது நீதிமன்றம், கொடுத்தார்கள். மார்ச் 14 அன்று பட்டியல் வெளியானது. யார் வாங்கினார்கள், எந்தக் கட்சி பணமாக்கியது என்று தொகையும் பெயருமாக. ஆறு வருஷம் பேசிய பேச்சில் கிடைக்காதது அந்தப் பட்டியலில் இருந்தது.

ரோடு கதையை விட்டுவிட்டேனே. புகார் போன அடுத்த வாரம் கான்ட்ராக்டர் ஆப்பிள் பையோடு வாத்தியார் வீட்டுக்கு வந்தார். வாத்தியார் அம்மா காப்பி கொடுத்தார். கிளம்பும்போது ஆப்பிளைத் திருப்பிக் கையில் கொடுத்து, கூடவே எம்-புக் பக்கங்களின் ஜெராக்ஸ் ஒரு செட்டும் கொடுத்து, "உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்" என்றாராம் வாத்தியார். இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி ரோலர் வந்து இரண்டு ஓரத்திலும் அகலப்படுத்திவிட்டுப் போனது. விசாரணை இல்லை, தண்டனை இல்லை, எந்தப் பேப்பரிலும் வரவில்லை. அந்த ஓரம் இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவதில் அதுவும் பெயர்ந்தது, வாத்தியார் அடுத்த மனு எழுதினார்.

குடிமகன் செய்தி பார்க்காமல் இருக்கலாமா என்று கேட்டீர்கள், இல்லையா? உங்கள் மாவட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது, அதன்பின் ஊராட்சிகள் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கைக்குப் போயின. அப்பாவும் மாமாவும் சண்டை போட்ட அந்தத் தீபாவளியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார்களா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பெரும்பாலும் லீவு நாள்தான், திருப்பூரிலிருந்து பஸ் இருக்கிறது. வரவு செலவைப் படிப்பார்கள், படிப்பவருக்கே கேட்காத குரலில். தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்க அதற்கு முன்பே நோட்டு சுற்றிவரும். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் போடாதீர்கள். அப்பாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், மூன்று மணி நேரம் கத்தும் தெம்பு அவருக்கு இருக்கிறது. மாமாவும் அதே ஊராட்சியா?