புதிய டர்போ காருக்கு எந்தக் கோல்டு ஏர் இன்டேக் வாங்குவது?

கேள்வி: ஹூண்டாய் ஐ20 என் லைன் புதிதாக எடுத்திருக்கிறேன். கோல்டு ஏர் இன்டேக் போட்டால் பவர் கூடும் என்கிறார்கள். எந்த வகை நல்லது? வாரண்டி இருக்கும்போதே போடலாமா? சென்னையில்தான் பெரும்பாலும் ஓட்டுகிறேன்.

பதில்:

முதலில் பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் காற்றைக் கொண்டுவரும் பிளாஸ்டிக் குழாய் எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் அதன் வாய் ரேடியேட்டருக்கு மேலே, கிரில்லை ஒட்டி இருக்கும். சிலவற்றில் முன்சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டருக்குள் இருக்கும். இரண்டுமே வெளிக்காற்றை எடுக்கும் இடங்கள்தாம். ஆக, கோல்டு ஏர் இன்டேக், அதாவது இன்ஜின் சூடு படாத வெளிக்காற்றை இழுக்கும் குழாய், உங்கள் காரில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பணமும் கட்டிவிட்டீர்கள். கடைக்காரர் விற்க நினைப்பது இரண்டாவது ஒன்றை. இருப்பதைவிட அது எவ்வளவு மேல் என்று கேட்டால்தான் பேச்சு சரியான திசையில் போகும்.

காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும், அடர்த்தி கூடினால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம் என்ற தத்துவத்தில் பிழை இல்லை. நம் ஊர் வெப்பநிலையில் மூன்று டிகிரி செல்சியஸ் குறைந்தால் அடர்த்தி ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும். ஆனால் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்பெனி குழாய் இழுக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சில டிகிரிதான் சூடாக இருக்கும். சிக்னலில் நிற்கும்போது நிறையவே சூடேறும், உண்மை. நிற்கும்போது பவர் எதற்கு? இதில் மிச்சம் பிடிக்க முடிவது ஓரிரு சதவீதம். அதுவும் டர்போ இல்லாத காருக்குச் சொல்லும் கணக்கு. உங்கள் காரில் டர்போ (இன்ஜின் புகையின் வேகத்தில் சுழன்று காற்றை உள்ளே திணிக்கும் விசிறி) காற்றை அழுத்தும்போதே அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகிவிடுகிறது. பிறகு இன்டர்கூலர் அதைத் தணிக்கிறது. டர்போவுக்கு முன்னால் நீங்கள் மிச்சம் பிடித்த நான்கைந்து டிகிரியில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துபோகும்.

அடுத்து, "கம்பெனி ஃபில்டர் மூச்சை அடைக்கிறது" என்பார்கள். அடைக்கிறதா என்பதைச் சோதிப்பது எளிது. ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றை யூ வடிவில் வளைத்து, பாதிவரை தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் பொருத்துங்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவர் அதைப் பார்த்துக்கொள்ள, வெற்றுச் சாலையில் முழு ஆக்சிலரேட்டரில் ஒருமுறை ஓட்டுங்கள். இரு பக்க நீர்மட்டங்களுக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் வருகிறதோ அதுதான் ஃபில்டரும் அதற்கு முந்தைய குழாயும் தரும் தடை. வளிமண்டல அழுத்தம் சுமார் 1,030 சென்டிமீட்டர் நீர்மட்டத்துக்குச் சமம். இருபது சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் தடை இரண்டு சதவீதம். உலகத்தின் மிகச் சிறந்த ஃபில்டரை வாங்கினாலும், ஏன், ஃபில்டரே இல்லாமல் ஓட்டினாலும், அந்த இரண்டு சதவீதத்துக்கு மேல் திரும்பக் கிடைக்க வழியில்லை. உங்கள் 120 குதிரைத்திறனில் அது இரண்டரைகூட வராது.

அந்த இரண்டரையும் உங்களுக்கு முழுதாக வந்து சேராது என்பதுதான் டர்போ கார்களில் உள்ள விஷயம். எவ்வளவு பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) வேண்டும் என்பதை இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ முடிவு செய்கிறது. காற்று எளிதாக வந்தால் டர்போ கொஞ்சம் குறைவாக உழைத்தே அந்த இலக்கைத் தொட்டுவிடும். உடனே டர்போவைச் சுற்றிப் புகையை விடும் கதவான வேஸ்ட்கேட் இன்னும் கொஞ்சம் திறந்து, மீதிப் புகையைச் சைலன்சர் பக்கம் அனுப்பிவிடும். இலக்கு மாறவில்லை என்பதால் பவரும் கிட்டத்தட்ட மாறாது. டர்போ விழித்துக்கொள்ளும் நேரம் இம்மியளவு முந்தலாம், அவ்வளவே. ரீமேப் செய்து, அதாவது இசியூவின் மென்பொருளை மாற்றி, பூஸ்ட் இலக்கையே உயர்த்திய கார்களில் கதை வேறு. அங்கே காற்றின் தேவை உண்மையிலேயே கூடுகிறது. நல்ல இன்டேக்குக்கு அங்கே வேலை உண்டு.

பிறகு ஏன் போட்டவர்கள் எல்லாரும் வண்டி பறக்கிறது என்கிறார்கள்? சத்தம். கம்பெனி குழாயின் ஓரத்தில் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வெற்றுப் பெட்டி ரெசொனேட்டர்; இன்ஜின் காற்றை உறிஞ்சும் ஓசையை அமுக்குவது அதன் வேலை. அதையும் மூடிய ஏர் பாக்ஸையும் கழற்றிவிட்டால் உறிஞ்சும் ஓசையும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது டர்போ விடும் பெருமூச்சும் காதில் விழும். காது கேட்டதைக் கால் நம்பிவிடுகிறது. அந்த ஓசைக்காகவே வாங்குவது எனக்குத் தவறாகப் படவில்லை. எனக்கும் அது பிடிக்கும். ஓசைக்காக வாங்குகிறேன் என்று தெரிந்து வாங்கினால் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதில் நிதானம் வரும். விளம்பரத்தில் வரும் டைனோ (காரின் பவரை அளக்கும் இயந்திரம்) வரைபடங்களைப் பார்க்கும்போது இன்னொன்றும் கவனியுங்கள்: பல நேரம் பானெட்டைத் திறந்துவைத்து, முன்னால் பெரிய மின்விசிறியை ஓடவிட்டு எடுத்தவை அவை. மூடிய பானெட்டோடு அண்ணா சாலை நெரிசலில் ஊரும் காருக்கு அந்தக் காற்று கிடைக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் போடத்தான் போகிறீர்கள் என்றால், வகைகளைப் பார்ப்போம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் முதலில் எடுத்துக் காட்டுவது கூம்பு வடிவத் திறந்த ஃபில்டர். பெட்டி கிடையாது, இன்ஜின் பக்கத்திலேயே தொங்கும். பெயரில்தான் கோல்டு, இழுப்பது முழுக்க பானெட்டுக்குள் வெந்த காற்று. ஒரு தகரத் தடுப்பைச் சேர்த்துத் தந்தாலும் மேலும் கீழும் திறந்திருந்தால் பயன் குறைவு. இதை வேண்டாம் என்பேன்.

நீண்ட குழாய் வழியே ஃபில்டரை பம்பருக்குள், கீழே கொண்டுபோய் வைப்பது இன்னொரு வகை. வெப்பநிலை மட்டுமே கணக்கு என்றால் இதுதான் சிறந்தது. ஆனால் நீங்கள் இருப்பது சென்னை. 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாமையும் பார்த்த ஊரில், ஃபில்டரைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வைப்பதற்கு நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன். வெள்ளம்கூட வேண்டாம், வேளச்சேரியில் ஒரு மணி நேர மழை போதும். ஓடும் இன்ஜின் தண்ணீரை உறிஞ்சினால், தண்ணீரை அழுத்த முடியாது என்பதால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் இன்ஜின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். சாதாரண காப்பீட்டில் இந்தச் சேதம் பொதுவாக அடங்காது. இன்ஜின் புரொடெக்ஷன் என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். அது இருந்தாலும், சொல்லாமல் மாற்றிய இன்டேக்கை சர்வேயர் பார்த்துவிட்டால் வாதாட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

மிஞ்சுவது மூடிய பெட்டி வகை: பெரிய ஃபில்டர், சுற்றிலும் முழுப் பெட்டி, காற்று வரும் வாய் கம்பெனி வைத்த அதே உயரத்தில். விலை அதிகம். வாங்குவதானால் இதைத்தான் வாங்க வேண்டும். உங்கள் மாடலுக்கென்றே அச்செடுத்ததாக இருக்கட்டும். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கும் குழாயில் கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிப்பகுதி) ஆவி திரும்பும் ஹோஸுக்கோ, டர்போ திருப்பிவிடும் காற்றுக்கோ சரியான வாய் இருக்காது. கடைக்காரர் துளை போட்டு, பசை தடவிக் கொடுப்பார். காரில் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்த சென்சார் குறிப்பிட்ட விட்டமுள்ள குழாயை நம்பியே கணக்குப் போடுகிறது. விட்டம் மாறினால் கணக்கு பிசகி செக் இன்ஜின் விளக்கு எரியும். அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்து ஓடும் கார்களில் இந்தத் தொல்லை இல்லை.

அலுமினியமா, பிளாஸ்டிக்கா, கார்பன் ஃபைபரா என்ற சர்ச்சையில் நேரத்தை வீணாக்காதீர்கள். 120 குதிரைத்திறனில் இன்ஜின் நொடிக்குச் சுமார் 80 லிட்டர் காற்றை இழுக்கிறது. இரண்டரை அங்குலக் குழாயில் அந்தக் காற்று நொடிக்கு 25 மீட்டருக்கு மேல் பாய்கிறது. ஒரு மீட்டர் குழாயைக் கடக்கும் கண நேரத்தில் குழாய்ச் சூடு அதில் பெரிதாக ஏறாது. கார்பன் ஃபைபருக்குக் கொடுக்கும் பணம் பார்வைக்கு.

தூசிக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும், அதை யாரும் கேட்பதில்லை. ஒரு ஃபில்டர் 99 சதவீதத் தூசியைப் பிடிக்கிறது, இன்னொன்று 97 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் இரண்டுதானே என்று தோன்றும். உள்ளே போகும் தூசியைக் கணக்கிட்டால் இரண்டாவது மூன்று மடங்கு விடுகிறது. சிறிய டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுழலும் பொருள். பறக்கும் மணல் அதன் விளிம்பைத் தின்னும், பிறகு சிலிண்டர் சுவரைத் தின்னும். காற்று எளிதாகப் போகும் ஃபில்டர் என்றால் பெரும்பாலும் தூசியும் எளிதாகப் போகும். அதனால் ஐஎஸ்ஓ 5011 முறைப்படி சோதித்த எண்களைக் கேளுங்கள். தடை, பிடிக்கும் திறன் இரண்டும் அதில் இருக்கும். எண் தராதவரிடம் வாங்க வேண்டாம். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டராக இருந்தால், கழுவியபின் எண்ணெயை அளவோடு விடவேண்டும். அதிகமானால் அது மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரின் கம்பியில் போய்ப் படியும்.

வாரண்டி பற்றி யூடியூபில் அமெரிக்கர்கள் தைரியமாகப் பேசுவதை நம்பி இறங்காதீர்கள். அவர்களுக்கு 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டம் இருக்கிறது. கூடுதல் பாகம் போட்ட ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க அது விடாது. அந்தச் சட்டம் இங்கே செல்லாது. டர்போவில் கோளாறு என்று போகும்போது, இன்டேக்கைக் காட்டி சர்வீஸ் சென்டர் கை விரித்தால் நீங்கள்தான் அலைய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள உற்பத்தியாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். பழைய பெட்டிக்குள் வேறு ஃபில்டர் போடுவதை யாரும் இதில் சேர்ப்பதில்லை. தெருவே திரும்பிப் பார்க்கும் ஓசையோடு போனால் போலீசார் நிறுத்துவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், வாரண்டி முடியும்வரை கம்பெனி பெட்டியைத் தொட மாட்டேன். அசல் காகித ஃபில்டரை, சென்னைத் தூசிக்கு ஏற்ப, கையேடு சொல்வதைவிடச் சற்று முன்னதாகவே மாற்றுவேன். இன்டேக்குக்கு ஆகும் பணத்தை நல்ல டயருக்கு வைப்பேன். வாரண்டி முடிந்து ரீமேப் செய்யும் எண்ணம் வந்தால், மூடிய பெட்டி இன்டேக்கை அப்போது சேர்த்து வாங்கி, இரண்டையும் ஒரே டியூனரிடம் கொடுத்து, முன்னும் பின்னும் பானெட்டை மூடியபடி டைனோ எடுக்கச் சொல்லுங்கள். கழற்றிய அசல் பெட்டி, குழாய், கிளிப் எதையும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.