முதல் உடற்கட்டழகர் போட்டிக்கு நான் தயாராகிவிட்டேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி கேட்ட தம்பி கிளிநொச்சிக்காரர். இரண்டு வருடப் பயிற்சி, 78 கிலோ நிறை. 'மென்ஸ் பிசிக்' பிரிவில் முதன்முறையாக மேடையேற விரும்புகிறார். ஆனால் ஜிம்மில் உள்ள மூத்தவர்கள் "இன்னும் கொஞ்சம் உடம்பைப் பெருக்கிவிட்டுப் போ" என்று தடுக்கிறார்களாம். இதே பேச்சை நானும் கேட்டவன். அதனால்தான் ஆலை வேலை முடிந்த களைப்போடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கோப்பை வாங்கியவன் அல்லன். கிடைத்தது நான்காம் இடமும் ஒரு சான்றிதழும். 'நான்காம் இடக்காரன் பாடம் எடுக்க வந்துவிட்டான்' என்று பின்னூட்டம் இட விரும்புபவர்கள் தாராளமாக இடலாம். பரந்தனில் நெல் மூட்டை தூக்கிக்கொண்டே, எவரிடமும் ஒரு சதம் வாங்காமல் மேடை ஏறியவன் நான். அந்த அளவுக்குப் பேச எனக்கு உரிமை உண்டு.

இந்தப் பிரிவைச் சர்வதேச உடற்கட்டழகுச் சம்மேளனம் ஏற்றுக்கொண்டதே 2012இல்தான். நம் மூத்தவர்களுக்குப் பழக்கமானது பழைய ஆணழகன் போட்டி. அதில் நிறையை வைத்துப் பிரிப்பார்கள், தொடை, கெண்டைக்கால் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். இங்கே பொதுவாக உயரத்தை வைத்துத்தான் பிரிவு. தொடையை மறைக்கும் காற்சட்டையோடு வெறுங்காலில் நிற்க வேண்டும். இரண்டு கைகளையும் மடக்கிப் புயம் காட்டும் வேலைக்கு இங்கே இடமில்லை. நடுவர்கள் தேடுவது அகன்ற தோளையும் விரிந்த முதுகையும் ஒடுங்கிய இடையையும். நிற்கும்போது முகத்தில் பதற்றம் தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். மூத்தவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் வேறொரு போட்டிக்கான புத்தி அது.

புயம் எத்தனை அங்குலம் என்ற கவலையை விட்டுவிட்டு முதுகைப் படம் எடுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி கதவோரம் நின்று முதுகை விரியுங்கள். படத்தை வேறொருவர் எடுக்கட்டும். முன்பக்க வயிறு ஏமாற்றும். கண்ணாடியில் தினமும் பார்த்து மகிழ்வது அதைத்தானே. ஆண்கள் பலருக்கும் கடைசியாகக் கரைவது இடுப்புக்குச் சற்று மேலே, முதுகுத்தண்டின் இரு பக்கமும் படிந்திருக்கும் கொழுப்பு. அங்கே கிள்ளினால் விரல்களுக்கிடையில் தடித்த மடிப்பு வருகிறதா? வந்தால் உங்கள் குறை சதையில் இல்லை, நாட்களில்தான்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் 78 கிலோவில் 18 வீதம் கொழுப்பு என்று வைத்துக்கொண்டால், மற்றதெல்லாம் சேர்த்து 64 கிலோ. மேடையில் 7 வீதத்தோடு நிற்க வேண்டுமானால் நிறை 69 கிலோ அளவில் இருக்க வேண்டும். ஒன்பது கிலோ இறங்க வேண்டும். வாரத்துக்கு உடல் நிறையில் அரை வீதம் முதல் ஒரு வீதம் வரைதான் இறக்கலாம். அதற்கு மேல் போனால் சதையும் சேர்ந்து போகும். ஆக, நடுவாக வைத்துப் பார்த்தால் சுமார் 16 வாரங்கள். சதையில் கொஞ்சம் எப்படியும் போகும், எனவே இன்னும் இரண்டு மூன்று வாரத்தைக் கையிருப்பாக வையுங்கள். போட்டித் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் விடை உங்கள் கையில்.

அடுத்தது வீடு. வெளிநாட்டுக் காணொளிகளில் இதை ஒருவரும் சொல்வதில்லை, ஏனென்றால் அவர்கள் நம் வீடுகளில் சாப்பிட்டதில்லை. நான் தராசு வாங்கி வந்து சோற்றை நிறுக்கத் தொடங்கிய நாளில் அம்மா கையிலிருந்த அகப்பையை அப்படியே வைத்துவிட்டுச் சொன்னார்: "கிடைக்காத காலத்தில் கிடந்த பட்டினி போதாதா? இப்போது காசு கொடுத்துக் கிடக்கிறாயா?" 2009இல் நாங்கள் முள்ளிவாய்க்காலில் இருந்தோம். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். கஞ்சிக்கு வரிசையில் நின்று, வாங்கியதைத் தான் குடிக்காமல் எனக்குத் தந்த மனுஷி, பிள்ளை அரைவயிற்றோடு எழும்புவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்? அவருக்கு நான் கலோரிக் கணக்கு விளக்கவில்லை. எத்தனையாம் திகதி வரைக்கும் இது, அதற்குப் பிறகு என்ன சாப்பிடுவேன் என்று மட்டும் சொன்னேன். கலண்டரில் அந்தத் திகதியை அவரே வட்டமிட்டார். அதன் பிறகு என் புட்டை நிறுத்துத் தந்ததும் அவர்தான், தேங்காய்ப்பூவை எண்ணித் தூவியதும் அவர்தான். நான் போட்டிக்குத் தயாரான அந்த வருடம் மே 18, முள்ளிவாய்க்கால் நினைவு நாளில், சந்தியில் சிரட்டையில் கஞ்சி கொடுத்தார்கள். குடித்தேன். உணவுக் குறிப்பேட்டில் அதை எழுதவில்லை.

உணவுக்கு வெளிநாட்டு மாப்பேணி, அதாவது டின்னில் வரும் புரத மா, கட்டாயம் என்று நினைக்காதீர்கள். கிலோ நிறைக்கு 1.6 முதல் 2.2 கிராம் வரை புரதம் என்பார்கள். உங்களுக்கு நாளொன்றுக்கு 125 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். இரணைமடுக் குளத்து ஜப்பான் மீனும் (திலாப்பியா) முல்லைத்தீவுக் கடல் மீனும் இருக்கும் ஊரில் எனக்குப் புரதத்துக்குப் பஞ்சம் வரவில்லை. கனடாவிலிருக்கும் மச்சான் ஒருவர் மாப்பேணி அனுப்புவதாகச் சொல்லிச் சொல்லியே போட்டி முடிந்துவிட்டது, அது வேறு விடயம்.

மேடைக்கான நிறப்பூச்சைப் பற்றி ஜிம்மில் கேலி செய்வார்கள், 'நாம் ஏற்கெனவே கறுப்புத்தானே' என்று. பூசுங்கள். அந்த வெளிச்சத்தில் எந்தக் கறுப்பும் வெளுத்துத்தான் தெரியும். பழைய சாரமும் பழைய படுக்கை விரிப்பும் எடுத்து வையுங்கள், புதியது பாழாகிவிடும்.

இதையும் சொல்லியே ஆக வேண்டும். நான் நின்ற போட்டியில் பிரதம விருந்தினர் வரும் வரை எங்களைக் காக்க வைத்தார்கள். எண்ணெயும் பூச்சும் வழிய, தண்ணீருக்கு நா வறள, தகரக் கூரைக்குக் கீழே நிற்கிறோம். அவர் வந்தார், மங்கள விளக்கேற்றினார், மாலை, பொன்னாடை, பிறகு அவர் உரை, அதற்குப் பிறகு அவரைப் புகழ்ந்து இன்னொருவர் உரை. போட்டியாளர் ஒருவரின் பெயரும் அதில் வரவில்லை. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் வெயிலில் அணிவகுத்து நிற்கும் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். முன்பள்ளி விழாவில் வேஷம் கட்டிய குழந்தைகள் தூங்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். நேரத்துக்கு வர முடியாதவரை எதற்கு அழைக்கிறார்கள்? விளக்கை ஏற்ற ஊரில் ஒரு கிழவி இல்லையா? சரி, விடுவோம். உங்களுக்கு இதில் ஒரு பயன் உண்டு: அழைப்பிதழில் உள்ள நேரத்தை நம்பி உணவைத் திட்டமிடாதீர்கள். வாழைப்பழமும் தண்ணீர்ப் போத்தலும் பையில் இருக்கட்டும்.

தண்ணீர் என்றதும் சொல்கிறேன், இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடைசி வாரம் தண்ணீரை நிறுத்து, சிறுநீர் போக வைக்கும் மாத்திரை போடு என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடமிருந்து விலகுங்கள். மொஹமட் பெனாசிசா 1992இல் ஒல்லாந்தில் ஒரு போட்டியை முடித்த கையோடு இறந்தார். ஒஸ்திரியாவின் அந்திரியாஸ் முன்சர் 1996இல் உடல் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து போய்ச் சேர்ந்தார். இருவரும் உலகத்தரத்து வீரர்கள். நமக்கோ வவுனியாப் பக்கத்தில் காரணம் சரியாகப் பிடிபடாத சிறுநீரக நோய் ஏற்கெனவே இருக்கிறது. பெயர் கொடுக்கும் முன் ஒருமுறை சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையும் இரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். ஊசி போடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஊக்கமருந்துக்கு எதிரான சட்டம் நாட்டில் 2013இலேயே வந்துவிட்டது. 'எல்லோரும் போடுகிறார்கள்' என்பவர்களோடு வாதாட எனக்கு நேரமில்லை.

இன்றிரவே ஒன்று செய்து பாருங்கள். மேடையில் திரும்புவது போல முன், பக்கம், பின், மறுபக்கம் என்று நான்கு நிலைகளிலும் ஒவ்வொரு நிமிடம், வயிற்றை இறுக்கி, முதுகை விரித்து, சிரித்த முகத்தோடு நில்லுங்கள். இரண்டாவது நிலையிலேயே தோள் நடுங்கினால் இன்று முதல் தினமும் இதுவும் பயிற்சிதான். போட்டிக்கு நான்கு மாதத்துக்கு மேல் இருந்தால் பெயரைக் கொடுத்துவிட்டு உணவைத் தொடங்குங்கள். ஆறு வாரம்தான் இருக்கிறது என்றால் இந்த முறை டிக்கெட் எடுத்து முன்வரிசையில் உட்காருங்கள். ஒவ்வொருவரும் முதுகைக் காட்டித் திரும்பும்போது இடுப்புக்கு மேலே உள்ள அந்த இடத்தைப் பாருங்கள். உங்கள் உயரப் பிரிவில் மூன்றாவதாக வந்தவரின் முதுகையும் உங்கள் கைப்பேசியில் இருக்கும் படத்தையும் ஒப்பிட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.