தட்டோடு வருகிறவனுக்கு எல்லாக் கதவும் திறக்கும்

கேள்வி: அக்கா, என் மகள் சொல்லி ‘கிரான் ஹோட்டல்’ என்ற ஸ்பானிஷ் சீரியல் பார்க்கத் தொடங்கினேன். காதல், துரோகம் எல்லாம் சரி. கொலையைத் துப்பறிகிற கதையில் எப்போது பார்த்தாலும் விருந்தும் பரிமாறலும் எதற்கு? நேரத்தை இழுக்கிறார்களா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: இழுவை இல்லை. விருந்தை எடுத்துவிட்டால் இந்தக் கதை ஓர் அங்குலம் நகராது. பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் வடக்கே கான்தலோவா என்று ஒரு கற்பனை ஊர். காலம் 1900களின் தொடக்கம். அலர்கோன் குடும்பத்துக்குச் சொந்தமான ஹோட்டலில் வேலை பார்த்த கிறிஸ்தீனாவிடமிருந்து வீட்டுக்குக் கடிதம் வருவது நின்றுவிடுகிறது. அவளைத் தேடி வருகிற ஹூலியோ, கூடப்பிறந்தவன் என்பதை மறைத்து, பெயரையும் மாற்றிக்கொண்டு அங்கேயே சர்வராகச் சேர்கிறான். முதலாளியம்மா தெரேசாவின் மகள் அலீசியாவுக்கும் அவனுக்கும் காதல் வருகிறது. அலீசியாவுக்கோ ஹோட்டலை நடத்தும் தியேகோவோடு கல்யாணப் பேச்சு முடிந்தாயிற்று.

ஹூலியோ தோட்ட வேலைக்கோ குதிரை லாயத்துக்கோ போயிருந்தால் பாதி அறைகளை எட்டிக்கூடப் பார்த்திருக்க முடியாது. சர்வருக்கு அந்தத் தடை இல்லை. காலையில் காபித் தட்டோடு படுக்கையறை வரை போகலாம். இரவு விருந்தில் எல்லோர் தோளருகிலும் நிற்கலாம். அந்தக் காலப் பந்தி முறையும் அவனுக்குக் கைகொடுக்கிறது. அதற்கு முந்தைய தலைமுறையில் ஐரோப்பியப் பெரிய வீடுகளில் பதார்த்தங்களைக் கூட்டமாக மேஜையில் பரப்பிவிடுவார்கள். உட்கார்ந்திருப்பவர்களே எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யப் பரிமாறல் என்ற முறை பரவியது. முதலில் சூப், அது முடிந்ததும் மீன், அப்புறம் இறைச்சி என்று ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் சர்வர் இடப்பக்கம் வந்து குனிய வேண்டும், முடிந்ததும் தட்டை எடுக்க மறுபடியும் வர வேண்டும். விருந்து எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் அவன் காது அங்கேதான் இருக்கும்.

பத்திரிகைக்கு வருமுன் மலைவாசஸ்தலம் ஒன்றில் பழைய ஹோட்டலின் பாங்க்வெட் பிரிவில் வேலை பார்த்தவள் நான். மேஜையில் பெரிய மனிதர்கள் சொத்துத் தகராறு பேசிக்கொண்டிருப்பார்கள். சூப் கிண்ணத்தை எடுக்கக் கையை நீட்டினால் உடம்பை மட்டும் கொஞ்சம் ஒதுக்குவார்கள், பேச்சு நிற்காது. அதே மேஜைக்கு ரிசப்ஷனிலிருந்து ஓர் ஆள் வந்து நின்றால் எல்லோரும் கப்பென்று வாயை மூடிக்கொள்வார்கள். வந்தவர் கண்ணுக்குத் தெரிந்தார், கிண்ணம் எடுத்த நாங்கள் தெரியவில்லை. இந்தச் சீரியலை எழுதியவர்கள் இதைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறார்கள். அடுத்த முறை விருந்துக் காட்சி வரும்போது பேசுகிறவர்களை விட்டுவிட்டு, சுவரோரம் நிற்கிற சர்வர்களின் முகத்தைப் பாருங்கள். முதலில் சேதி அறிவது அவர்கள்தான்.

கேள்வி: தெரேசா ஒரு தாயா? ஹோட்டலுக்காகப் பெற்ற மகளையே விற்கிறாளே! எங்கள் வீட்டில் ஆளாளுக்குத் திட்டுகிறோம்.
– வாசகர், பரமக்குடி

பதில்: திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு திட்டுவோம். ஸ்பெயினில் 1889இல் வந்த சிவில் சட்டம், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றே எழுதி வைத்திருந்தது. கல்யாணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் போடுவதற்கும் வழக்காடுவதற்கும் கணவன் சம்மதம் வேண்டும். அந்த நிபந்தனை 1975இல்தான் போயிற்று. விதவைக்கு மட்டும் அந்தக் கட்டு இல்லை. தெரேசா அந்த மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பது கணவர் கார்லோஸ் இறந்துபோனதால்தான். மகன் ஹவியேர் குடியிலும் கேளிக்கையிலும் திரிகிறான், கணக்குப் புத்தகத்தைத் தொடுவதில்லை. மூத்தவள் சோஃபியாவை ஒரு பிரபு வம்சத்தில் கொடுத்தாயிற்று. மிச்சம் அலீசியா. அவள் தியேகோவைக் கட்டினால் ஹோட்டலை நடத்துகிறவன் வீட்டு மாப்பிள்ளை ஆகிவிடுவான், தொழில் கைவிட்டுப் போகாது. இதுதான் தெரேசா போட்ட கணக்கு. அதே சட்டத்தால் மகள் வாய் அடைந்துபோகும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

இது வரைக்கும் எனக்கு அவள் மேல் கோபத்தோடு கொஞ்சம் இரக்கமும் இருந்தது. சோஃபியாவின் கர்ப்பம் கலைந்த பிறகு அதை மறைத்து, வேலைக்காரி பெலென் பெற்ற பிள்ளையை வாரிசாகக் காட்ட ஏற்பாடு செய்கிறார்களே, அங்கே அந்த இரக்கம் போய்விட்டது. ஏழைப் பெண்ணின் மடியிலிருந்து பிள்ளையை எடுத்து, மாடியில் பட்டுத் தொட்டிலில் போடுகிறார்கள். கீழே அதே பெண் அன்றாட வேலையைப் பார்க்க வேண்டும். காதல் துரோகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இந்தத் துரோகம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

தெரேசாவாக நடித்த அத்ரியானா ஓசோரெஸ் குரலை உயர்த்துவதே அரிது, அதனால்தான் பயமாக இருக்கிறது. அவருக்கு எதிரே வேலையாட்களின் தலைவி ஆங்ஹெலாவாக வரும் கொன்சா வெலாஸ்கோ 2023இல் காலமானார். சாவிக்கொத்தோடு நடைபாதையில் நிற்கும்போது அந்த வீட்டின் அத்தனை ரகசியமும் அவர் நெஞ்சுக்குள் இருப்பதை ஒரு பார்வையில் காட்டிவிடுவார். ஆங்ஹெலாவின் மகன் ஆந்த்ரேஸைக் கவனியுங்கள், வேறெதுவும் சொல்ல மாட்டேன். தியேகோவாக வரும் பெத்ரோ அலொன்சோவை எங்கோ பார்த்தது போலிருக்கிறதே என்று கேட்டவர்களுக்கு: ‘மணி ஹைஸ்ட்’டில் பெர்லின் அவர்தான்.

கேள்வி: கடலோரம் நிற்கும் அந்த ஹோட்டல் நிஜமா? போனால் தங்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நிஜம். தங்க முடியாது. அது சாந்தாந்தேர் நகரின் மக்தலேனா அரண்மனை. ஊர் மக்கள் பணம் போட்டுக் கட்டி மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோவுக்குக் கொடுத்தது. 1930 வரை அரச குடும்பத்துக்குக் கோடைக்கு அதுதான் வீடு. இப்போது கோடைக்காலப் பல்கலைக்கழக வகுப்புகள் அங்கே நடக்கின்றன, சுற்றிப் பார்க்கவும் விடுகிறார்கள். மன்னரோடு கோடைக்கு வந்த பிரபுக்கள் தங்குவதற்கென்று அதே ஊரில் 1917இல் ஹோட்டல் ரியால் திறந்தார்கள். அங்கே காசு கொடுத்துத் தங்கலாம். அந்தப் பக்கம் போனால் கெசாதா என்ற பால் இனிப்பைத் தவறவிடாதீர்கள். மாட்டுப்பாலைத் திரித்து, வெண்ணெய், முட்டை, சர்க்கரை, மாவு கலந்து அடுப்பில் சுட்டது. மேலே பழுப்பேறியிருக்கும், உள்ளே ஈரம் காயாமல் இருக்கும்.

கேள்வி: ஒரு இடத்தில் 39 பாகம் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 66. எது முழுசு? அமெரிக்காவிலும் எகிப்திலும் இதையே எடுத்தார்களாமே, எதைப் பார்க்க?
– வாசகி, தாம்பரம்

பதில்: இரண்டும் முழுசுதான். 2011 முதல் 2013 வரை ஸ்பெயினின் ஆன்தெனா 3 சேனலில் 39 பாகங்களாக வந்தது, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். வெளிநாட்டுக்கு விற்றபோது அதையே சின்னதாக வெட்டி 66 ஆக்கினார்கள். சில பாகங்கள் பேச்சின் நடுவில் பொசுக்கென்று முடிவது அதனால்தான்.

அடுத்தது எகிப்தியப் பதிப்பைப் பாருங்கள். 2016 ரமலானுக்கு ஒளிபரப்பினார்கள். அஸ்வானில் நைல் கரையோரம், 1950களில் நடக்கிற கதை. காணாமல்போன தங்கையைத் தேடி வருகிறவன் பெயர் அலி. எழுதிய தாமர் ஹபீப் ஸ்பானியக் கதையை அப்படியே அரபியில் பேசவைக்காமல், அந்த ஊர் மனிதர்களையும் அவர்களுடைய மானம் மரியாதையையும் வைத்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார். அமெரிக்கர்கள் 2019இல் மயாமி கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். ஒரே சீசன், 13 பாகத்தோடு நின்றது. இந்தக் காலத்து மயாமியில் சர்வர் ஒருவனும் முதலாளி மகளும் காதலித்தால் ஊர் எரியாது. அங்கே கதைக்குப் பிடிமானம் போய்விட்டது. அதை விட்டுவிடலாம்.