ஃபோனில் இருக்கும் ப்ராசசருக்கும் ஆண்ட்ராய்டு அப்டேட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. சொல்லப்போனால் வேகத்தைவிட இதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். கடையில் எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ், கேம் சூடாகாமல் ஓடுமா என்றுதான் பேச்சு போகும். இந்தச் சிப்புக்கு, அதாவது ப்ராசசருக்கு, எத்தனை வருஷம் டிரைவர் (ஹார்ட்வேரை ஆண்ட்ராய்டு இயக்க உதவும் மென்பொருள்) வரும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கவுண்டரில் நிற்கும் தம்பிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கூகுள் புது ஆண்ட்ராய்டை வெளியிட்டதும் அது நேராக உங்கள் ஃபோனுக்கு வந்துவிடாது. நடுவில் குவால்காம், மீடியாடெக் மாதிரி ஒரு சிப் கம்பெனி இருக்கிறது. ஆண்ட்ராய்டின் அடித்தளமான கெர்னலைத் தன் சிப்புக்கு ஏற்ப மாற்றி, கிராஃபிக்ஸ், மோடம், கேமரா டிரைவர்களைச் சேர்த்து ஃபோன் கம்பெனியிடம் கொடுப்பது அவர்கள்தான். அந்த டிரைவர்களில் பலவற்றின் சோர்ஸ் கோட் வெளியே கிடைக்காது. "இந்தச் சிப்புக்கு இதோடு சரி" என்று அவர்கள் கைகழுவிவிட்டால், ஃபோன் கம்பெனி ஆசைப்பட்டாலும் பெரும்பாலும் அங்கேயே கதை முடிந்தது.

என்னிடம் இன்னும் ஒரு நெக்ஸஸ் 5 இருக்கிறது. உள்ளே குவால்காமின் ஸ்னாப்டிராகன் 800 சிப். செட்டிங்ஸில் 'அபவுட் ஃபோன்' போனால் ஆண்ட்ராய்டு 6.0.1 என்றும், கீழே கெர்னல் 3.4.0 என்றும் காட்டும். 2013-ல் ஆண்ட்ராய்டு 4.4-உடன் வந்தபோதும் அதே 3.4.0-தான். மேலே இருக்கும் ஆண்ட்ராய்டு இரண்டு தலைமுறை தாண்டியும், அடியில் இருப்பது 2012-ல் வெளியான கெர்னல் வரிசையிலேயே நின்றுவிட்டது. 2016-ல் ஆண்ட்ராய்டு 7 வந்தபோது, ஆண்ட்ராய்டை எழுதுகிற கூகுளே தன் பெயரில் விற்ற இந்த ஃபோனுக்கு அதைத் தரவில்லை. அதே வருஷம் சோனி, கிட்டத்தட்ட அதே சிப்பான ஸ்னாப்டிராகன் 801 இருந்த எக்ஸ்பீரியா இசட்3-யில் ஆண்ட்ராய்டு 7-இன் சோதனைப் பதிப்பை ஓட்டிக் காட்டிவிட்டு, பிறகு நிறுத்திக்கொண்டது. அந்த ஹார்ட்வேரில் ஓடாது என்று சொல்ல வழியே இல்லை.

இதில் நான் கவனித்துவரும் கம்பெனி நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன். நீண்ட நாள் உழைக்கும் ஃபோன் செய்யவேண்டும் என்பதே அவர்கள் கொள்கை. 2013-ல் வந்த முதல் ஃபோனில் மீடியாடெக் எம்டி6589 போட்டார்கள். பேட்டரியைக் கழற்றி மாற்றலாம், உதிரி பாகமும் விற்றார்கள், ஆனால் ஆண்ட்ராய்டு 4.2-ஐத் தாண்டி நகரவே இல்லை. அடுத்து 2015 கடைசியில் ஸ்னாப்டிராகன் 801 உடன் ஃபேர்ஃபோன் 2. குவால்காம் ஆண்ட்ராய்டு 6-க்கு மேல் அந்தச் சிப்பைக் கவனிக்கவில்லை. இவர்கள் விடாமல், புது ஆண்ட்ராய்டுக்குக் கூகுள் வைக்கும் லட்சக்கணக்கான தானியங்கிச் சோதனைகளைத் தாமாகவே தாண்டி 2018-ல் ஆண்ட்ராய்டு 7-ஐயும், 2021-ல் ஆண்ட்ராய்டு 9-ஐயும் கொடுத்தார்கள். முடியும் என்று நிரூபித்தது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆண்ட்ராய்டு 9 வெளியானது 2018-ல்! சிப் கம்பெனியின் துணை இல்லாமல் போனால் இப்படித்தான், வந்து சேர இரண்டரை வருஷம்.

அதனால் 2023-ல் ஃபேர்ஃபோன் 5-க்கு வழக்கமான மொபைல் சிப்பே வேண்டாம் என்று முடிவெடுத்து, குவால்காம் தொழிற்சாலைக் கருவிகளுக்காக விற்கும் க்யூசிஎம்6490-ஐ எடுத்தார்கள். வேகத்தில் ஸ்னாப்டிராகன் 778ஜி அளவுதான். 699 யூரோ விலைக்கு இது குறைச்சல் என்று விமர்சனம் வந்தது. ஆனால் தொழிற்சாலைச் சிப் என்பதால் குவால்காம் ஆதரவு நீண்ட நாள் கிடைக்கும். அதை நம்பித்தான் 2031 வரை அப்டேட் என்று வாக்குக் கொடுக்க முடிந்தது.

இப்போது நிலைமை தேறியிருக்கிறது. 2017-ல் ஆண்ட்ராய்டு 8-உடன் கூகுள் 'ட்ரெபிள்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்து, சிப் சார்ந்த பகுதியையும் ஆண்ட்ராய்டையும் தனித்தனியாகப் பிரித்தது. வேடிக்கை என்னவென்றால், ஃபோன் கம்பெனிக்கு வேலை குறைந்தது, சிப் கம்பெனிக்குக் கூடியது. பழைய டிரைவரும் புது ஆண்ட்ராய்டும் என்று பல ஜோடிகளை அவர்கள் சமாளிக்க வேண்டியிருந்தது. 2020 டிசம்பரில் கூகுளும் குவால்காமும் சேர்ந்து அதைச் சரிசெய்த பிறகுதான் நான்கு வருஷப் பாதுகாப்பு அப்டேட் என்ற பேச்சே வந்தது. இன்று பிக்சல் 8-க்கும் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருஷம் என்கிறார்கள். ஆப்பிளுக்கு இந்தத் தலைவலி குறைவு, சிப்பும் அவர்களுடையது, ஐஓஎஸ்ஸும் அவர்களுடையது. 2013-ல் வந்த ஐஃபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியிலும் பாதுகாப்பு அப்டேட் வந்தது.

சரி, நீங்கள் எதை வாங்குவது? ஒரே விலையில் இரண்டு வருஷ அப்டேட்டுடன் வேகமான சிப், ஆறு வருஷ அப்டேட்டுடன் சுமாரான சிப் என்றிருந்தால் நான் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் எடுப்பேன். வருஷத்துக்கு ஒரு ஃபோன் மாற்றுகிற கேமர் என்றால் முதலாவது. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல், கம்பெனி தளத்தில் அந்த மாடல் பெயரைப் போட்டு எந்த வருஷம்வரை என்று பாருங்கள். அதிலும் 'பாதுகாப்பு அப்டேட்' வேறு, 'ஆண்ட்ராய்டு அப்டேட்' வேறு, இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. வருஷத்தை எண்ணத் தொடங்குவது ஃபோன் வெளியான நாளிலிருந்து, நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடைக்கும் போன வருஷ மாடலுக்கு ஒரு வருஷத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.