எல்ஐயூ வாங்கும் முன் கேபிளைப் பாருங்கள்

கடலூர் சிப்காட் பக்கம் ஒரு சிறு தொழிற்கூடத்தில் கணினி, கேமரா, நெட்வொர்க் எல்லாவற்றையும் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அலுவலகத்துக்கும் பின்பக்கக் கிடங்குக்கும் இடையே 180 மீட்டர். ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கேபிள், ஏற்கெனவே இழுத்தாகிவிட்டது: 12 கோர் (12 இழை), சிங்கிள் மோட் (ஒளி ஒரே பாதையில் போகும் மெல்லிய வகை), ஆர்மர்டு (இரும்புக் கவசம் உள்ளது). இரண்டு பக்கமும் சுவரில் மாட்டும் ரேக். அந்தக் கேபிளை ரேக்கில் முடிக்கும் பெட்டிக்கு, அதாவது எல்ஐயூவுக்கு, புதுச்சேரியில் விலை கேட்டால் ஒரு கடை 24 போர்ட் எல்சி (சிறிய கனெக்டர் வகை) பேட்ச் பேனல் என்கிறது, இன்னொன்று 12 போர்ட் எஸ்சி (பெரிய கனெக்டர் வகை) போதும் என்கிறது, மூன்றாவது ஆள் எம்பிஓ (ஒரே கனெக்டரில் பல இழை) காசெட் போட்டால்தான் நாளைக்கு உதவும் என்கிறாராம். எதை வாங்குவது?

பதில் இதுதான்: 1யூ (ரேக்கில் ஓர் அடுக்கு) உயரம், இழுத்தால் வெளியே வரும் ஸ்லைடிங் வகை, எல்சி டூப்ளெக்ஸ் (இரண்டு இழை சேர்ந்த) அடாப்டர், அதாவது கனெக்டர் செருகும் துளை, யூபிசி (நேர் முனை), எல்லாம் சிங்கிள் மோட். எம்பிஓ உங்களுக்கு வேண்டாம். அது டேட்டா சென்டரில் நூற்றுக்கணக்கான ஃபைபரைக் கொத்துக் கொத்தாகச் செருகுகிறவர்களுக்கு. 12 கோருக்கு அதை வாங்குவது பைக் நிறுத்த லாரி ஷெட் கட்டுவது மாதிரி.

இனி காரணங்கள். முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். கடையில் பேட்ச் பேனல் என்று மட்டும் கேட்டால் பல இடங்களில் கேட் 6 செம்புக் கேபிளுக்கான பேனலை எடுத்து வைப்பார்கள். ஃபைபருக்கு நம்ம ஊரில் எல்லோரும் சொல்வது எல்ஐயூ. அந்தப் பெயரிலேயே கேளுங்கள்.

எல்ஐயூ என்பதை முன்பக்கத்துத் துளைகளை எண்ணி வாங்குகிற பொருளாக நினைக்காதீர்கள். அது உள்ளே ஸ்ப்ளைஸ் செய்த (உருக்கி ஒட்டிய) கண்ணாடி இழைகளைப் பத்திரமாகச் சுருட்டி வைக்கிற ஒரு பெட்டி, துளைகள் அதன் வாசல், அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் உங்கள் கேபிளின் முனையில் நேரடியாக கனெக்டர் போட மாட்டார்கள். ஒரு முனையில் மட்டும் கனெக்டர் உள்ள பிக்டெயிலை ஒவ்வொரு கோரோடும் ஃப்யூஷன் மெஷினில் ஒட்டி, ஒட்டிய இடத்துக்குப் பாதுகாப்பாக ஸ்லீவ் (சிறு குழாய்) மாட்டி, ட்ரேயில் படுக்க வைப்பார்கள். அதனால் கடையில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 12 ஸ்லீவ் உட்கார ட்ரேயில் இடம் இருக்கிறதா, இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் வட்டமாகச் சுற்ற வழி இருக்கிறதா, பின்னால் கேபிளை இறுக்கிப் பிடிக்க கிளாண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான சில பெட்டிகளில் ட்ரேயே இருக்காது, ஸ்லீவை டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போவார்கள். வெயில் காலத்தில் அந்த டேப் பிசின் இளகி எல்லாம் கீழே தொங்கும்.

போர்ட் கணக்கில் ஒரு குழப்பம் உண்டு. 24 போர்ட் எல்சி என்று ஒருவர் சொன்னால் அது 24 டூப்ளெக்ஸ் துளையாக இருக்கலாம், அப்படியானால் 48 இழை பிடிக்கும். இன்னொருவர் அதே வார்த்தையில் 24 இழையைச் சொல்வார். எத்தனை இழை என்று கேட்டுவிட்டால் தகராறு இல்லை. உங்கள் 12 கோருக்கு ஆறு டூப்ளெக்ஸ் அடாப்டர் போதும். ஆனாலும் 12 டூப்ளெக்ஸ் துளை உள்ள பெட்டியை வாங்கி ஆறில் அடாப்டர் போட்டு, மீதியைப் பிளாஸ்டிக் மூடியால் அடைத்து வையுங்கள், கிடங்குக்கு அப்பால் இன்னொரு கட்டடம் எழும்பினால் அதே பெட்டியில் இரண்டாவது கேபிளையும் முடித்துக்கொள்ளலாம்.

எல்சியா எஸ்சியா என்பதில் ஒளி இழப்பு விஷயமாகச் சண்டை எதுவும் இல்லை. எஸ்சியின் ஃபெரூல் (இழையைப் பிடிக்கும் முனைக் குழாய்) 2.5 மில்லிமீட்டர், எல்சியுடையது அதில் பாதி, 1.25. உங்கள் ஸ்விட்சில் செருகப்போகும் எஸ்எஃப்பி (மின் சமிக்ஞையை ஒளியாக மாற்றும் சிறு மாட்யூல்) பெரும்பாலும் எல்சி டூப்ளெக்ஸாகத்தான் இருக்கும், ஆகவே பேனலும் எல்சியாக இருந்தால் இரண்டு முனையும் ஒன்றான பேட்ச் கார்டு (பேனலையும் ஸ்விட்சையும் இணைக்கும் குட்டைக் கேபிள்) ஒரே வகை வாங்கி வைத்தால் போதும். எஸ்சி வாங்கினாலும் ஒன்றும் கெட்டுவிடாது, எஸ்சி–எல்சி கார்டு தேட வேண்டும், அவ்வளவுதான்.

உண்மையில் மாட்டிக்கொள்கிற இடம் நிறம். பச்சை நிறத்தில் உள்ள கனெக்டர் ஏபிசி, அதன் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. நீலம் யூபிசி, அது நேர் முனை. வீட்டுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்கிறவர்களும் கேபிள் டிவிக்காரர்களும் நாள் முழுக்கப் புழங்குவது எஸ்சி ஏபிசி. ஆகவே ஸ்ப்ளைஸ் செய்ய வருகிறவர் பையில் பச்சை பிக்டெயில்தான் நிறைய இருக்கும், இதுவும் ஃபைபர்தானே சார் என்று போட்டுவிடுவார். பச்சையும் நீலமும் ஒரே அடாப்டரில் உடல் ரீதியாக நுழையும், ஆனால் இரண்டு முனையும் ஒட்டி உட்காராது, நடுவில் இடைவெளி விழும், ஒளி வீணாகும், முனையும் கெடும். உங்கள் எஸ்எஃப்பிக்கு நீலம்தான். பிக்டெயிலை நீங்களே வாங்கி கையில் வைத்திருப்பது நல்லது. அதேபோல் அக்வா நிறத்தில் ஓஎம்3 (மல்டி மோட் வகை) பிக்டெயிலைத் தள்ளிவிடாமலும் பார்க்க வேண்டும்: சிங்கிள் மோட் இழைக்குள் ஒளி போகும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான், ஓஎம்3-யில் 50. இரண்டையும் ஒட்டினால் ஒரு திசையில் ஒளி கொட்டிப் போய்விடும். சிங்கிள் மோட் கார்டு மஞ்சளாக இருக்கும். அடாப்டருக்குள் இரண்டு முனையையும் நேராகப் பிடிக்கும் ஸ்லீவ் செராமிக்கா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இழப்புக் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 180 மீட்டரில் கேபிளின் இழப்பு 0.1 டிபிகூட (டெசிபல், ஒளி இழப்பின் அளவு) வராது. இரண்டு பக்க கனெக்டருக்கும் அதிகபட்சம் தலா 0.75, ஸ்ப்ளைஸுக்குத் தலா 0.3 என்று தாராளமாகப் போட்டாலும் மொத்தம் 2.2 டிபிக்குள் முடிகிறது. 10 கிலோமீட்டர் வகை 10 ஜிகாபிட் எஸ்எஃப்பி 6.2 டிபி வரை தாங்கும். ஸ்ப்ளைஸ் மெஷின் காட்டும் மதிப்பு 0.1-க்கு மேல் போனால் மட்டும் வெட்டி மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். பிறகு நெட்வொர்க் படுத்தால் குற்றவாளி பெரும்பாலும் முனையில் படிந்த தூசிதான், ஆகவே பயன்படுத்தாத ஒவ்வொரு போர்ட்டிலும் மூடி இருக்கட்டும், செருகும் முன் கிளீனர் பேனாவால் ஒரு க்ளிக். சட்டை நுனியில் துடைக்கக் கூடாது. ஒளி வருகிறதா என்று கண்ணை வைத்தும் பார்க்கக் கூடாது, அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.

12 கோரையும் இப்போதே முடித்துவிடுங்கள். இரண்டு கோர் போதுமே, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காசு மிச்சம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், கேமராவுக்கு ஒரு ஜோடி, பயோமெட்ரிக்குக்கு ஒரு ஜோடி என்று ஆறு மாதத்தில் மெஷினை மறுபடி அழைப்பார்கள், அப்போது ஓடுகிற ஜோடியைத் தொட்டுவிடாமல் வேலை செய்வது பெரும்பாடு. கோர்களின் நிற வரிசை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும்: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், அக்வா.

ரேக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். சுவர் ரேக்கின் கண்ணாடிக் கதவுக்கும் உள்ளே பெட்டிகளைத் திருகி மாட்டும் தண்டவாளத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளவு டேப் வைத்து அளந்து பாருங்கள். கனெக்டரும் அதன் பூட்டும் வளைவும் சேர்ந்து நாலு விரல்கடை வேண்டும். வில்லியனூர் பக்கம் நானே இதில் ஏமாந்தேன்: பகலெல்லாம் சோதித்தால் நன்றாக வேலை செய்கிறது, நான் கிளம்பியதும் லிங்க் போய்விடுகிறது. மூன்றாவது தடவை போனபோதுதான் புரிந்தது, நான் இருக்கும்போது கதவு திறந்திருக்கிறது. கதவை மூடினால் கார்டு நசுங்குகிறது. தண்டவாளத்தை ஒரு அங்குலம் பின்னால் தள்ளியதும் சரியாகிவிட்டது.

ஸ்லைடிங் பெட்டிக்குப் பின்னால் கேபிளில் ஒரு சுற்று தளர்வு விடுங்கள், இல்லாவிட்டால் இழுக்கும்போது பிக்டெயில் உருவிக்கொண்டு வரும். எல்ஐயூவை ரேக்கின் மேல் தட்டில் வைத்து, அதற்கும் ஸ்விட்சுக்கும் நடுவே 1யூ கேபிள் மேனேஜர் போட்டால் போதும்.

அப்புறம் நம்ம கடற்கரை. உப்புக் காற்றில் மலிவான பெட்டியின் வெட்டு விளிம்பும், ரேக்கில் திருகைப் பிடிக்கும் கேஜ் நட்டும்தான் முதலில் துருப்பிடிக்கும். துருத்தூள் ஃபைபர் முனைக்கு விஷம். பவுடர் கோட்டிங் விளிம்புவரை வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், ஸ்டெயின்லெஸ் திருகு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கேபிள் ஆர்மர்டு என்பதால் அந்த இரும்புக் கவசத்தை எல்ஐயூவின் எர்த் திருகோடு சேர்த்து, அதை ரேக் எர்த்தில் கட்ட வேண்டும். ஃபைபரில் மின்சாரம் போகாது, கவசத்தில் போகும், எர்த் இல்லாவிட்டால் வடகிழக்குப் பருவமழையில் இடி இறங்கும்போது அது உங்கள் ரேக்குக்குள் வந்து நிற்கும். கிடங்கு ரேக்கை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்று 2015 வெள்ளத்தைப் பார்த்த கடலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலை முடிந்ததும் லைட் சோர்ஸும் பவர் மீட்டரும் வைத்து 12 கோருக்கும் இரண்டு திசையிலும் ரீடிங் எடுத்து எழுதி வாங்குங்கள். ஓடிடிஆர் (இழை நெடுக எங்கே இழப்பு என்று காட்டும் கருவி) கொண்டுவந்தால் லாஞ்ச் கேபிள் (கருவிக்கும் உங்கள் கேபிளுக்கும் நடுவில் சேர்க்கும் நீளக் கேபிள்) போட்டாரா என்று கேளுங்கள், இவ்வளவு குட்டைக் கேபிளில் அது இல்லாமல் முதல் கனெக்டரே தெரியாது. அந்தத் தாளை ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டியபிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.