பண்ணை வேலைக்கு யூடிவி வாங்கினால் பராமரிப்பு கையைக் கடிக்குமா?

"நிலம் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. வேலி பார்க்கவும் மூட்டை ஏற்றவும் விறகு கொண்டுவரவும் ஒரு யூடிவி வாங்கலாம் என்றிருக்கிறேன். பெல்ட் அடிக்கடி அறுந்துபோகும் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். யூடிவி தெரியாதவர்களுக்கு: பின்னால் பாரம் ஏற்றத் தொட்டி வைத்த, கரடுமுரடான நிலத்தில் ஓடும் சின்ன நான்கு சக்கர வண்டி அது.

அப்படிச் சொன்னவர் தன் வண்டியை எந்த கியரில் ஓட்டினார் என்று முதலில் கேளுங்கள். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் "அது பொம்மை வண்டி, ரப்பர் பெல்ட்டில் ஓடுகிறது, வாங்காதீர்கள்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்தான்.

ஒன்பது வருடமாக ஒரே வண்டிதான் வைத்திருக்கிறேன். வாங்கிய இரண்டாவது வருடம் வேலிக்கான மரக்கம்பங்களைப் பின்தொட்டி நிறைய ஏற்றிக்கொண்டு மேட்டு நிலத்துக்குப் போனேன். கியர் தண்டில் ஹை, லோ என்று இரண்டு இருப்பது தெரியும். லோ என்பது சேற்றில் மாட்டிக்கொண்டால் போடுவது என்று நானாக முடிவு செய்து வைத்திருந்தேன். ஹையில் நத்தை வேகத்தில் ஏறினேன். பாதி மேட்டில் ரப்பர் கருகும் நாற்றம். பக்கத்தில் யாரோ எதையோ எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் மிதித்தேன். "பட்" என்று ஒரு சத்தம். என்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. கம்பங்களை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து மேலே கொண்டுபோனேன்.

புது பெல்ட் வாங்கி நானே மாட்டினேன். மூடியைத் திறந்து, பழையதை எடுத்துப் போட்டு, புதியதை நுழைத்து, அரை மணி நேரத்தில் முடித்துவிட்ட பெருமை வேறு. அந்த பெல்ட் பதினைந்து நாள்கூட வரவில்லை. அறுந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போனேன். அவர் பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேட்டில் எந்த கியர் போடுவீர்கள்?" என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வண்டி ஓட்டத் தெரியாதவன் என்கிறாரே!

அப்புறம் மூடியைக் கழற்றிக் காட்டினார். முதல் பெல்ட்டின் நார் பின்பக்கக் கப்பியைச் சுற்றித் தலைமுடிபோலச் சிக்கியிருந்தது. கப்பியின் முகத்தில் என் கைவிரல் கிரீஸ். இரண்டும் என் வேலை.

விஷயம் இதுதான். காரில் இருப்பதுபோல் இந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் வேகத்துக்கு வேகம் மாற்றும் பல்சக்கரங்கள் கிடையாது. இரண்டு கப்பிகள், நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். ஸ்கூட்டரில் இருக்கிற அதே ஏற்பாடுதான், கொஞ்சம் பெரிது. என்ஜின் சுற்றுவது கூடக் கூட முன்கப்பியின் இரண்டு தட்டுகளும் நெருங்கி பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும். பாரத்தோடு ஹையில் ஊர்ந்தால் அந்தப் பிடி முழுதாக விழாது. பெல்ட் வழுக்கும், சூடேறும், ஒரு பகுதி மட்டும் தேய்ந்து இடுப்பு ஒடுங்கும், கடைசியில் அறும். லோவில் போட்டால் அதே வேகத்துக்கு என்ஜின் கூடுதலாகச் சுற்றும், பெல்ட்டின் மேல் பாரம் குறையும், பிடி விழும். மேடு, பாரம், இழுவை எதுவானாலும் லோ. பெல்ட்டை நம்ப முடியாது என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: 1958-இலேயே டாஃப் என்ற டச்சு நிறுவனம் ரப்பர் பெல்ட்டில் ஓடும் காரை அறிமுகப்படுத்திவிட்டது. நேற்று முளைத்த சமாசாரம் இல்லை.

பெல்ட் மாற்றும்போது உள்ளே இருக்கும் நாரையும் கரித்தூளையும் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கப்பி முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. புது பெல்ட்டை முதல் சில மணி நேரம் பாரமில்லாமல், முழு மிதி மிதிக்காமல் பழக்க வேண்டும். ஓடையில் இறங்கி பெல்ட் அறைக்குள் தண்ணீர் புகுந்தால் வண்டி இழுக்காது. உங்கள் வண்டியில் அடியில் வடிகால் திருகு இருந்தால் திறந்துவிட்டு, நியூட்ரலில் என்ஜினைக் கொஞ்சம் விரட்டிக் காயவைத்தால் மறுபடி பிடிக்கும். அதற்குமுன் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். அங்கே தண்ணீர் இருந்தால் என்ஜினைத் தொடாதீர்கள், இழுத்துக்கொண்டு போங்கள். எண்ணெய் அளவுகோலில் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

உண்மையில் எல்லாரும் பெல்ட்டைப் பற்றியே பேசுகிறார்கள். வண்டியைக் கொல்வது புழுதி. முன்னால் ஒரு வண்டி போக, அதன் புழுதியிலேயே நாள் முழுக்க ஓட்டினால் ஏர் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். ஃபில்டருக்கு உட்பக்கக் குழாயில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். விரலில் தூசி ஒட்டினால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை, என்ஜின் மண்ணைத் தின்கிறது. காகித ஃபில்டரில் வேகமாகக் காற்றடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். அடைத்துப்போனால் புதிது போடுவதே மேல்.

ரேடியேட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புல்விதையும் சேறும் அதன் இடுக்குகளில் காய்ந்து அப்பிக்கொள்ளும். உயர் அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவினால் மெல்லிய தகடுகள் மடங்கிப்போகும். நான் மடக்கியிருக்கிறேன். சாதாரணக் குழாயில், என்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி கழுவ வேண்டும். காய்ந்த புல் வெட்டிய நிலத்தில் ஓட்டிவிட்டு வந்தால் சைலன்சரைச் சுற்றிப் பாருங்கள். அங்கே சேரும் சருகு தீப்பிடிக்கும். சக்கரத்தின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் ஆக்சில் மூட்டின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறது. உடனே மாற்றினால் உறையோடு போகும், விட்டால் மூட்டும் சேர்ந்து போகும். சர்வீஸைக் கிலோமீட்டரை வைத்துக் கணக்கிடாதீர்கள். பண்ணை வண்டி ஓடியதைவிட நின்ற இடத்தில் உறுமியதுதான் அதிகம். மணிக்கணக்கு காட்டும் மீட்டர் அதற்காகத்தான். புது வண்டியின் முதல் எண்ணெய் மாற்றம் சீக்கிரமே வரும், கையேட்டைப் பார்த்து அதைத் தவறவிடாதீர்கள். எலி ஒயரைக் கடிக்கும், ஏர் ஃபில்டர் பெட்டியில் கூடுகூடக் கட்டும். இதற்கு இன்னும் எனக்கு ஒரு வழி அகப்படவில்லை.

இதைவிடப் பெரிய பராமரிப்புப் பிரச்சினை ஒன்று உண்டு. இரவல். யூடிவி வந்த நாளிலிருந்து நான் இத்தனை பேருக்கு வேண்டியவன் என்பது தெரியவந்தது. மச்சான் ஒரு நாள் "சும்மா ஒரு நடை" என்று எடுத்துப்போனார். திரும்பி வந்தபோது பெட்ரோல் காலி, முன்பக்க பம்பர் கோணல், பின்தொட்டியில் அவர் வீட்டுக் குப்பை. கேட்டால் "வண்டி என்றால் அப்படித்தான் மாமா" என்கிறார். ஏணியும் இப்படித்தான் போனது. மரம் அறுக்கும் மெஷின் மொட்டைச் செயினோடு வந்தது. இரவல் கொடுத்ததைக் கேட்டு வாங்குகிறவனுக்குத்தான் வெட்கம், வைத்திருக்கிறவனுக்கு இல்லை. இது உங்கள் கேள்வியில் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாவியை இப்போது சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். மச்சான் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வண்டி நீளம் குறைவு, குறுகல், தரையிலிருந்து உயரம். பக்கச் சரிவில் பாரத்தோடு திருப்பினால் கவிழும். சீட் பெல்ட் போடாமல் சொந்த நிலத்தில்கூட ஓட்டக் கூடாது. வண்டி சாயும்போது காலை வெளியே ஊன்றத் தோன்றும், ஊன்றினால் கால் போய்விடும். பின்தொட்டியில் ஆளை ஏற்றாதீர்கள். "நாங்களெல்லாம் அப்படித்தானே போனோம்" என்று கீழே எழுதப்போகிறவர்களிடம் நான் வாதாடப்போவதில்லை.

பழைய ஜீப் வாங்கினால் போதாதா என்றும் சிலர் கேட்பார்கள். பொதுச்சாலையிலும் ஓட்ட வேண்டுமென்றால் ஜீப் வாங்குங்கள், அதில் தப்பில்லை. யூடிவியைச் சாலையில் ஓட்டலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவே நுழைந்து, மண்ணை அதிகம் அழுத்தாமல், நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்க ஜீப் தோதுப்படாது.

வாங்கினால் கூடவே ஒரு பெல்ட்டும், அதன் மூடியைக் கழற்றும் ஸ்பேனரும் சீட்டுக்கடியில் இருக்கட்டும். நான் சண்டைக்குக் கொண்டுபோன அறுந்த பெல்ட்டை அந்த மெக்கானிக் தன் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். புது வண்டி வாங்கியவர் யார் வந்தாலும் அதைக் காட்டி, "ஒருத்தர் ஹையில் மேடு ஏறினார்" என்று கதையைத் தொடங்குவார். போன மாதம் எண்ணெய் மாற்றப் போனபோதும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று புதிதாகக் கேட்பவன்போலத் தலையாட்டினேன்.